ஈபன் ஃப்ராஸ்ட்டின் பல்

1846ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவரைத் தேடி ஒருவர் வந்தார். பெயர் ஈபன் ஃப்ராஸ்ட். பொறுக்க முடியாத பல்வலி. பல்லைப் பிடுங்குமுன் தம்மை மெஸ்மரிசத்தால் உறங்க வைக்க இயலுமா என்று கேட்டார்.

அக்கேள்வியின் பின்னுள்ள அச்சத்தை இன்று நாம் உணர்வது கடினம். சொத்தை பற்கூழை எட்டி, வேரடியில் சீழ் கட்டிய பின்னும் அன்றைய மனிதர்கள் நாளைத் தள்ளிப்போட்டார்கள். வலியைவிடக் குறடு கொடியதாக இருந்தது. சீழ் தாடையையும் கழுத்தையும் தாண்டிப் பரவி உயிரைக் குடித்ததும் உண்டு.

மார்ட்டன் கைக்குட்டையில் ஈதரை நனைத்து முகரச் செய்தார். ஃப்ராஸ்ட் நினைவிழந்தார், ஆழ வேரூன்றியிருந்த பல் வெளியே வந்தது. வலியே தெரியவில்லை என்று அவர் கையொப்பமிட்டுக் கொடுத்தார். மறுநாள் நாளிதழில் செய்தி வந்தது. அக்டோபர் 16ஆம் நாள் மாஸசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஓர் இளைஞரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அங்கே ஃப்ராஸ்ட்டும் சாட்சியாக நின்றார்.

இதற்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. ஜார்ஜியாவில் கிராஃபோர்டு லாங் 1842லேயே ஈதரைப் பயன்படுத்தினார். ஆனால் 1849இல்தான் அதை எழுதி வெளியிட்டார். ஹார்ட்ஃபோர்டு பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பர் 11 அன்று நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்து, தம் பல்லையே சக மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் அவர் நடத்திய செயல்விளக்கத்தில் நோயாளி முனகவே, கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். 1848இல் வெல்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மார்ட்டனோ ஈதருக்கு நிறமும் மணமும் சேர்த்து, 'லெதியான்' என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். முதல்வர் யார் என்ற வழக்கு 1868இல் அவர் இறக்கும் வரை ஓயவில்லை.

இந்த வழக்கில் மருத்துவர்களின் பெயர்களே முழங்கின. நாம் இங்கே நினைக்க விரும்புவது நாற்காலியில் அமர்ந்தவரை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சோதித்துத் தேறாத ஓர் ஆவியை ஒருவர் நம்பி இழுக்கிறார் என்றால், அவரது பல்வலி எத்தகையதாக இருந்திருக்கும்! அறுவை மருத்துவத்தின் புதிய காலம் ஒருவகையில் அந்த வலியிலிருந்தே தொடங்குகிறது.

இன்று லிடோகெய்ன் ஊசி உண்டு. ஆயினும் சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை மிகுவதால் அம்மருந்து சரிவர வேலை செய்வதில்லை. 'ஊசி போட்டும் வலிக்கிறது' என்று நோயாளி சொன்னால் அது கோழைத்தனமன்று; அவர் சொல்வது உண்மை. ஃப்ராஸ்ட்டின் சொல்லுக்கு அன்று கிடைத்த மதிப்பு, இன்றைய நோயாளியின் சொல்லுக்கும் கிடைக்க வேண்டும்.