ஓய்வு நாளும் உயிரும்

வெள்ளிக்கிழமை மாலை கதிரவன் மறைவதற்குச் சற்று முன்னர் யூத இல்லத்தின் தலைவி விளக்கேற்றுவாள். அதன்பின் மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை நெறி வழுவாத அவ்வீட்டில் எவரும் தீ மூட்டார். எரியும் தீயை அணைக்கவும் மாட்டார். சனிக்கிழமை நண்பகலுக்குரிய உணவு முதல்நாளே அடுப்பேற்றப்பட்டு இரவெல்லாம் மெல்லிய சூட்டிற் கிடந்து வேகும். ஷபாத் எனப்படும் ஓய்வுநாள் இதுவே. காண்பதற்கு எளிய வழக்கம். ஆயினும் அதன்பொருட்டு அவ்வினத்தார் செலுத்திய விலை எளியதன்று.

கி.மு. 167ஆம் ஆண்டளவில், சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு யூத நெறிகளைத் தடைசெய்தான். ஓய்வுநாளைக் கைக்கொள்வது மரணத்துக்குரிய குற்றமாயிற்று. கட்டளைக்குப் பணியாத ஒரு கூட்டத்தார் மனைவி மக்களோடும் கால்நடைகளோடும் பாலைநிலத்து மறைவிடங்களில் ஒதுங்கினர். அரச படை அவர்களைத் தாக்கியது ஓர் ஓய்வுநாளில். அவர்கள் எதிர்த்து ஒரு கல்லையேனும் எறிந்தாரல்லர். மறைவிடங்களின் வாயிலை அடைத்தாருமல்லர். ஏறக்குறைய 1,000 பேர் மாண்டனர் என்று மக்கபேயர் முதல் நூல் கூறும்.

செய்தி மோதேயின் ஊர்க் குரு மத்தத்தியாவுக்கு எட்டியது. எல்லோரும் இவ்வாறே இறந்துபடின் நெறியைக் காக்க எவர் எஞ்சுவர்? ஓய்வுநாளில் தாக்குவோரை எதிர்த்துப் போரிடுவதென்று அவரும் தோழரும் அன்றே முடிவு செய்தனர். ஏட்டறிவால் எழுந்த தீர்ப்பன்று அது. இறந்தோருக்காக அழுதவர்கள் எடுத்த முடிவு.

அம்முடிவிலும் ஓர் எல்லை இருந்தது. தாக்கினால் எதிர்க்கலாம், பகைவன் வேறு வேலை செய்தால் தடுத்தலாகாது. கி.மு. 63இல் யெருசலேம் கோயிலை முற்றுகையிட்ட உரோமத் தளபதி பொம்பி இதனை நன்கறிந்திருந்தான். ஓய்வுநாள்களிற் போர் தொடுக்காது, மண்மேடு எழுப்புவதிலும் போர்ப்பொறிகளை நகர்த்துவதிலுமே வீரரை ஏவினான். உள்ளிருந்தோர் பார்த்திருந்தனர். மூன்றாம் மாதத்திற் கோயில் வீழ்ந்தது. யூத வரலாற்றாசிரியர் ஜோசேபஸ் இதனை மறையாது எழுதியுள்ளார்.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, விலக்கப்பட்ட வேலைகளை 39 வகையாக எண்ணுகின்றது. உழுதல், விதைத்தல், நெய்தல் ஆகியன அவற்றுட் சில. இரண்டு எழுத்து எழுதுதலுங்கூட விலக்கே. இத்துணை நுணுக்கம் எதற்கு என்று அயலார் நகைக்கலாம். ஆனால் அதே நூல்தான், சுவர் இடிந்து வீழ்ந்த இடத்தில் ஒருவன் அகப்பட்டானோ இல்லையோ, உயிரோடிருக்கிறானோ இல்லையோ என்ற ஐயம் இருப்பினும், ஓய்வுநாளென்று பாராது இடிபாட்டை அகற்றவேண்டும் என்று விதிக்கின்றது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராயும் சட்ட அறிஞராயும் விளங்கிய மைமோனிடிஸ் இதனை இன்னும் அழுத்தமாக உரைத்தார். உயிர் ஊசலாடும் நோயாளிக்கு ஓய்வுநாளிற் செய்யவேண்டிய பணிகளைச் சிறுவரிடமோ வேற்றினத்தாரிடமோ விடலாகாது. பெரியோரும் அறிஞருமே முன்னின்று செய்யவேண்டும் என்றார் அவர். விளக்கேற்றுதலும், அணைத்தலும், நீர் சுடவைத்தலும் அப்பணிகளில் அடங்கும்.