டாங்க், கூர்ட் (1898–1983)

ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர், பொறியாளர், தான் வரைந்த விமானங்களைத் தானே ஓட்டிப் பார்த்த சோதனை விமானி. இரண்டாம் உலகப் போரின் பெயர்பெற்ற போர் விமானங்களுள் ஒன்றான ஃபோக்கே-வுல்ஃப் 190 இவருடைய படைப்பு. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானமான எச்.எஃப்.-24 ‘மாருத்’தும் இவர் தலைமையில் உருவானதே. 1956 முதல் 1967 வரை பெங்களூரில் பணிபுரிந்தார்.

1898 பிப்ரவரி 24 அன்று அன்றைய ஜெர்மனியின் புரோம்பெர்க் நகரில் பிறந்தார். அவ்வூர் இப்போது பித்கோஷ் என்ற பெயரில் போலந்தில் உள்ளது. முதல் உலகப் போரில் குதிரைப்படையில் போரிட்டார். போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். தோற்ற ஜெர்மனிக்கு என்ஜின் பொருத்திய விமானம் கட்டுவதில் கடும் தடைகள் இருந்த காலம் அது. மாணவர்கள் என்ஜின் இல்லாத கிளைடர்களின் பக்கம் திரும்பினர். டாங்க் விமானக்கலை பயின்றதும் அத்தகைய மாணவர் கிளைடர் குழு ஒன்றில்தான்.

ரோர்பாக், மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனங்களில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1931இல் பிரேமன் நகரின் ஃபோக்கே-வுல்ஃபில் சேர்ந்தார். விரைவிலேயே வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார். நான்கு என்ஜின் கொண்ட ‘கோண்டோர்’ பயணிகள் விமானம் இவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. 1938 ஆகஸ்டில் அது பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் சுமார் 25 மணி நேரத்தில் பறந்தது. போர் மூண்டதும் அதே விமானம் அட்லாண்டிக்கில் கப்பல்களை வேட்டையாடப் பயன்பட்டது.

1939 ஜூன் 1 அன்று ஃபோக்கே-வுல்ஃப் 190 முதன்முதலாகப் பறந்தது. அக்காலப் போர் விமானங்கள் பந்தயக் குதிரைகளைப்போல் வேகமும் நளினமும் கொண்டிருந்தன. சிறு அடியையும் தாங்கவில்லை. தனக்கு வேண்டியது படைக்குதிரை என்றார் முன்னாள் குதிரைப்படை வீரரான டாங்க். கரடுமுரடான தளத்தில் இறங்க வேண்டும், அடிபட்டாலும் திரும்பிவர வேண்டும், அரைகுறைப் பயிற்சி பெற்ற ஆட்களாலும் பழுது பார்க்க முடிய வேண்டும் என்பவை அவருடைய விதிகள். இவ்விமானம் 20,000க்கும் மேல் கட்டப்பட்டது. 1943இல் பேராசிரியர் பட்டம் கிடைத்தது. அவருடைய புதிய விமானங்களுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளான ‘டா’ என்பதே அடையாளமாக்கப்பட்டது. நாஜி அரசு தந்த பெருமைகள் இவை. போர்க்கால ஜெர்மனியின் மற்ற விமான நிறுவனங்களைப் போலவே ஃபோக்கே-வுல்ஃபும் கட்டாய உழைப்பாளிகளை வேலை வாங்கியது. டாங்கின் திறமையை மட்டும் பேசி அதைத் தாண்டிச் செல்லும் வரலாறுகளே அதிகம்.

போருக்குப் பின் 1947இல் ‘பெத்ரோ மத்தியஸ்’ என்ற பொய்ப்பெயரில் அர்ஜென்டினா சென்றார். அதிபர் பெரோனின் ஆதரவில் கோர்தோபா நகரில் ‘புல்கி 2’ என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார். 1950இல் அது பறந்தது. அணுக்கரு இணைவை வசப்படுத்திவிட்டதாகச் சொல்லிப் பெரோனை ஏமாற்றிய ரொனால்ட் ரிக்டரை அவருக்குப் பரிந்துரைத்தவரும் டாங்கே. நல்ல விமானம் வரையத் தெரிந்தவருக்கு ஆளைக் கணிக்கத் தெரியவில்லை. 1955இல் பெரோன் வீழ்ந்ததும் ஜெர்மானியக் குழு கலைந்தது.

இந்திய விமானப்படை அப்போது ஒலியைப்போல் இரு மடங்கு வேகமும் 60,000 அடி உயரமும் எட்டக்கூடிய போர் விமானம் ஒன்றைக் கேட்டிருந்தது. பயிற்சி விமானங்களைத் தாண்டி இந்தியாவில் பெரிதாக எதுவும் வடிவமைக்கப்பட்டிராத நேரத்தில் இது மலைக்க வைக்கும் கோரிக்கை. 1956 ஆகஸ்டில் டாங்க், தம் துணைவர் லுட்விக் மிட்டல்ஹூபருடன் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தார். மேலும் பல ஜெர்மானியப் பொறியாளர்கள் சேர்ந்தனர். குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யோடும் டாங்குக்குத் தொடர்பு உண்டு. அங்கு விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அக்கல்லூரியின் பெயர்பெற்ற பேராசிரியர்களுள் ஒருவராக அவரைக் குறிப்பிடுகிறார்.

பெங்களூரில் வடிவமைப்பாளர்களும் கருவிகளும் போதாத நிலையில், டாங்க் தம் மாணவப் பருவத்து வழியையே நாடினார். விமானத்தின் முழு அளவில் மரத்தால் ஒரு கிளைடர் கட்டப்பட்டது. 1959 ஏப்ரலில் டகோட்டா விமானம் அதை இழுத்துச் சென்று வானில் விட்டது. இறக்கையின் நடத்தையை அளக்க அந்தக் கிளைடர் 78 முறை பறந்தது. 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் என்ஜினுடன் கூடிய முதல் மாருத்தை ஓட்டினார். ஒரு வாரத்தில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் அது மக்களுக்குக் காட்டப்பட்டது.

இனி என்ஜின் கதை. இரட்டை ஒலிவேகத்துக்காக டாங்க் நம்பியிருந்தது, பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிவந்த, ஆஃப்டர்பர்னர் எனப்படும் பின்னெரிப்பு அமைப்புள்ள ஆர்ஃபியஸ் 12 என்ஜினை. வேறு வாடிக்கையாளர் இல்லாததால் அந்தப் பணி நின்றது. தொடர்வதற்கான செலவை இந்தியா ஏற்க மறுத்தது. கடைசியில் பின்னெரிப்பு இல்லாத ஆர்ஃபியஸ் 703 என்ஜின்கள் இரண்டைப் பொருத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் தந்தது சுமார் 2,200 கிலோ உந்துவிசை. எதிர்பார்த்ததில் மூன்றில் இரு பங்குகூட இல்லை. சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டியில் ராக்கெட் வெடி செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: குழாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மருந்து குறைந்தால் வெடி ஏறாது. மாருத் ஒலிவேகத்தைத் தொடவே திணறியது. எகிப்தில் ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் உருவாக்கிய ஈ-300 என்ஜினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத் அங்கே அனுப்பப்பட்டது. அந்த முயற்சியும் கைகூடவில்லை. ஆர்ஃபியஸுக்கே பின்னெரிப்பு சேர்த்த சோதனை விமானத்தில் 1970 ஜனவரி 10 அன்று பறந்த சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிரிழந்தார்.

இதற்கிடையே 1962இல் சோவியத் மிக் 21ஐ உரிமம் பெற்றுக் கட்ட அரசு முடிவு செய்துவிட்டது. வேகமான விமானம் கைக்கு வந்தபின் மாருத்துக்கு என்ஜின் தேடும் ஆர்வம் தணிந்தது இயல்பே. பழி முழுவதையும் டாங்கின் மேல் போடுவோர் உண்டு. விமானக்கூட்டிலும் குறைகள் இருந்தன. நான்கு 30 மி.மீ. பீரங்கிகளையும் ஒருசேரச் சுட்டால் விமானம் தொல்லை கொடுத்தது. ஆனால் அடிப்படைக் கோளாறு, உடலை வரைய ஆளை அமர்த்திவிட்டு உயிருக்குப் பிறரை நம்பியிருந்த திட்டத்தில்தான்.

ஆயினும் மொத்தம் 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1967இல் 10ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தவை, தரையிலக்குகளைத் தாக்கும் பணிக்கு ஒதுக்கப்பட்டன. 1971 டிசம்பர் போரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா உள்ளிட்ட களங்களில் அவை போரிட்டன. வான்சண்டையில் ஒன்றுகூட வீழவில்லை. தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் என்ஜின் செத்த நிலையிலும் மற்றதைக் கொண்டு தளம் திரும்பியவை உண்டு. பந்தயக் குதிரையைக் கேட்ட விமானப்படைக்குக் கிடைத்தது டாங்கின் பழைய படைக்குதிரைதான். 1990க்குள் மாருத்கள் அனைத்தும் ஓய்வு பெற்றன. மியூனிக் அருகே ஓபர்ஷ்லைஸ்ஹைமில் உள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தின் விமானப் பிரிவில் ஒன்று காட்சிக்கு இருக்கிறது.

டாங்க் 1967இல் பெங்களூரை விட்டு நீங்கி, பின்னர் ஜெர்மனியில் எம்.பி.பி. விமான நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5 அன்று மியூனிக்கில் காலமானார். அதே ஆண்டில் இந்தியா இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் விளைவான தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதற்கென இந்தியாவில் உருவாக்கப்பட்ட காவேரி என்ஜின் தேறாததால், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் எஃப்404 என்ஜினுடன்தான் அது பறந்துவருகிறது.