பதின்மூன்று ஆல்பங்களும் ஒரு திருத்தமும்

நெடுங்காலம் இயங்கிய ஓர் இசைக்குழுவின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்துவது ரசிகர்களின் பழைய விளையாட்டு. விடைத்தாள் திருத்திப் பழகிய கைக்கு அது இன்னும் எளிதாக வந்துவிடுகிறது. அமெரிக்க இண்டி ராக் குழுவான 'லோ'வுக்கு நானும் அப்படி ஒரு வரிசை வைத்திருந்தேன். அதில் ஓரிடத்தில் பிழை நேர்ந்துவிட்டது.

மினசோட்டா மாநிலத்தில், சுபீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில் 1993இல் தொடங்கியது லோ. கிதார் வாசித்துப் பாடிய ஆலன் ஸ்பார்ஹாக்கும் தாளம் வாசித்துப் பாடிய மிமி பார்க்கரும் ஆரம்பப் பள்ளியில் அறிமுகமாகிப் பின்னர் மணந்துகொண்டவர்கள், மார்மன் சபையினர். பேஸ் கிதார் வாசித்தவர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தனர். நிர்வாணாவின் முழக்கம் உச்சத்திலிருந்த நாட்களில் இவர்கள் தேர்ந்துகொண்டது விளம்ப காலம். பார்க்கர் மிகச் சில தாளக்கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். விடுதிகளில் கூட்டம் பேசத் தொடங்கினால் ஒலியைக் கூட்டாமல் மேலும் குறைப்பார்களாம்.

1994 முதல் 2021 வரை 13 ஆல்பங்கள். 2001இல் வெளிவந்த 'திங்ஸ் வீ லாஸ்ட் இன் த ஃபயர்' என் வரிசையில் நெடுநாள் முதலிடத்தில் இருந்தது. ஒலிப்பதிவு ஸ்டீவ் அல்பினி. அவர் ஒலியை அலங்கரிப்பவரல்லர். அறையில் நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி பிடிப்பவர். இரு குரல்களுக்கும் இடையிலுள்ள காற்றுகூட அதில் கேட்கும். அவரே பதிவு செய்த 'சீக்ரெட் நேம்' (1999) இன்றும் மூன்றாமிடத்தில் அசையாமல் இருக்கிறது.

2018இல் வந்த 'டபுள் நெகட்டிவ்' இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. பி.ஜெ. பர்ட்டனுடன் சேர்ந்து உருவாக்கிய அதில் பாடல்கள் சிதைந்த ஒலிக்குள் மூழ்கி, அறுந்து, மீண்டும் எழுகின்றன. முதன்முறை கேட்டபோது என் ஒலிபெருக்கியில்தான் கோளாறு என்று நினைத்தேன். பலமுறை கேட்டபின் அந்த இடிபாடுகளின் அடியில் இரு குரல்களும் உடையாமல் இருப்பது புலப்பட்டது. முதலிடம் அதற்கே. அதன் உடன்பிறப்பான 'ஹே வாட்' (2021) நான்காவது; முதல் ஆல்பமான 'ஐ குட் லிவ் இன் ஹோப்' ஐந்தாவது.

அமைதியில் தொடங்கி இரைச்சலுக்கு வளர்ந்த குழு என்று லோவைப் பற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1996இன் 'த கர்ட்டன் ஹிட்ஸ் த காஸ்ட்' ஆல்பத்திலேயே 14 நிமிடங்களுக்கு மேல் ரீங்கரிக்கும் ஒரு பாடல் உண்டு. 2013 ஜூனில் மினியாபொலிஸ் விழா மேடையில் அந்த ஒரே பாடலை அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இசைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். இரைச்சல் ஆரம்பம் முதலே அவர்களிடம் இருந்தது.

'த கிரேட் டிஸ்ட்ராயர்' (2005) நடுவில் நிற்கிறது. ராபர்ட் பிளான்ட் 2010இல் அதிலிருந்து இரண்டு பாடல்களை எடுத்துப் பாடினார் என்பது அதற்கொரு சிபாரிசு. 'ட்ரஸ்ட்', 'கமான்' முதலியவற்றைக் குறித்து வாதாட எனக்கு விருப்பமில்லை.

இனி அந்தப் பிழை. வில்கோ குழுவின் ஜெஃப் ட்வீடி தயாரித்த 'த இன்விசிபிள் வே' (2013) ஆல்பத்தைக் கடைசியில் தள்ளியிருந்தேன். பியானோவும் இனிமையும் மிகுந்து உப்புக் குறைந்த ஆல்பம் என்பது அன்றைய என் மதிப்பீடு. 2022 நவம்பர் 5 அன்று, சினைப்பைப் புற்றுநோயால், 55ஆம் வயதில் மிமி பார்க்கர் மறைந்தார். வரிசை 13இல் முடிந்துவிட்டது. அந்த வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டேன். வழக்கமாக ஓர் ஆல்பத்தில் ஒன்றிரண்டு பாடல்களோடு நிறுத்திக்கொள்பவர், 'த இன்விசிபிள் வே'யின் 11 பாடல்களில் ஐந்தை முன்னின்று பாடியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளும் அவரைத் துணைக்குரலாகவே என் காது கணக்கெழுதி வந்திருக்கிறது. உப்புக் குறைவென்று நான் கருதியது, ஸ்பார்ஹாக் ஒதுங்கி நின்று விட்டுக்கொடுத்த இடம். 2024இல் தனியே வெளியிட்ட 'வைட் ரோசஸ், மை காட்' ஆல்பத்தில் அவர் தம் குரலையே அடையாளம் தெரியாதபடி கருவியால் திரித்துக்கொண்டார்; அதைக் கேட்டபின் இது இன்னும் உறைத்தது.

'த இன்விசிபிள் வே' இப்போது ஆறாவது. காலியான 13ஆம் இடத்துக்கு 1995இன் 'லாங் டிவிஷன்' இறங்கியிருக்கிறது. அதிலும் மனம் முழுதாக ஒப்பவில்லை.