விபத்துக்குள்ளான காரின் உட்கூட்டுச் சேதமும் சீரமைப்பும்

மோதலில் அடிபட்ட காரின் வெளித்தகடுகளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் வளைந்தும் மடங்கியும் போன தாங்கு பகுதிகளைக் கண்டுபிடித்து, தயாரிப்பாளர் வகுத்த அளவுக்கும் வலிமைக்கும் மீட்கும் வேலை இது. பட்டறைகளில் இதையும் டிங்கரிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒடுக்கெடுத்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குத் தேவைப்படாத அளவுக் கருவிகளும் உலோக அறிவும் இதற்கு வேண்டும்.

லாரி, பொலேரோ போன்ற வண்டிகளில் ஏணி வடிவச் சேஸ் தனியாக இருக்கும். அதன்மேல் பாடி உட்காரும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேஸ் கிடையாது. தரைத்தகடு, முன்சட்டங்கள், கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் ஒரே கூடாகி, அந்தக் கூடே சுமை தாங்குகிறது. 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்டா தொடங்கிவைத்த வழி இது. நடுவில் உள்ள பயணிகள் அறை அசையாமல் நிற்க வேண்டும், முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பாரென்யி 1950களின் தொடக்கத்தில் காப்புரிமையாகப் பதிவு செய்தார். 1959இல் அந்நிறுவனத்தின் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது.

நசுங்க வேண்டிய இடம், நசுங்கக் கூடாத இடம், எந்த வேகத்தில் நசுங்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கப்பட்டவை. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதும் அந்தக் கணக்கைப் பொறுத்தது. ஆகவே பழுதுபார்த்த கார் பழைய தோற்றத்துக்குத் திரும்பினால் மட்டும் போதாது. அடுத்த மோதலிலும் முதல் நாள் நசுங்கியிருக்க வேண்டிய விதத்திலேயே அது நசுங்க வேண்டும்.

முன்பக்கம் வாங்கிய அடி சட்டங்கள் வழியாகப் பின்னோக்கிப் பயணிக்கும். கூரையும் நடுத்தூணும் சேருமிடத்தில் தகடு லேசாக அலையடித்திருக்கலாம்; பின்கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கலாம். பம்பரை நம்பவே கூடாது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் உறை அடிபட்டவுடன் பழைய வடிவத்துக்கு மீண்டுவிடும். அதைக் கழற்றினால் உள்ளே இரும்புக் குறுக்குச்சட்டம் குழிந்து, அதைத் தாங்கும் பெட்டி போன்ற சட்டமுனை மடிந்திருக்கும். ஃபெண்டருக்கு உட்புறமுள்ள ஏப்ரன் தகட்டின் மூட்டுகளில் பூசிய சீலன்ட் மயிரிழையாக வெடித்திருப்பதும், பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகன்றிருப்பதும் தவறவிடக்கூடாத அடையாளங்கள்.

வீல் அலைன்மென்ட்டும் சாட்சி சொல்லும். ஒரு பக்கச் சக்கரத்தின் சாய்வான கேம்பர் கோணம் எவ்வளவு சரிசெய்தும் அளவுக்கு வரவில்லை என்றால், லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். அல்லது ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடமே உள்ளே தள்ளியிருக்கலாம். மாற்று போல்ட் போட்டுக் கோணத்தை மட்டும் நேராக்கி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வண்டி நேராகத்தான் ஓடும். ஏப்ரன் கோணலாகவே கிடக்கும். வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடும் வேலை அது.

சேதத்தின் அளவை முடிவு செய்வது கண் அல்ல, அளவுகோல். கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பை நான்கு இடங்களில் கிடுக்கிகளால் இறுக்கிக் காரை அளந்து இழுப்பதற்கான பெஞ்சில் நிறுத்துவார்கள். பிறகு அடிப்பகுதியில் குறிப்பிட்ட துளைகளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டிராம் கேஜ் என்ற அளவுச் சட்டத்தாலோ லேசர் கருவியாலோ அளந்து, தயாரிப்பாளரின் படத்தோடு ஒப்பிடுவார்கள். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் ஏற்கப்படுவதில்லை. ஹைட்ராலிக் கருவியால் இழுக்கும்போது மோதல் வந்த திசைக்கு எதிர்த்திசையில், கடைசியாக வளைந்ததை முதலில் எடுக்கும் வரிசையில் இழுப்பது வழக்கம். ஒரேயடியாக இழுத்தால் தகடு கிழியும். கொஞ்சம் இழுத்து, அளந்து, மறுபடி இழுக்க வேண்டும். வளைந்ததை நேராக்கலாம், கூர்மையாக மடிந்ததை மாற்ற வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி.

உலோகம் தெரியாமல் கை வைப்பதுதான் பெரிய ஆபத்து. கதவுத் தூண்களில் பயன்படும் போரான் எஃகு சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கப்படுவது. அதன் இழுவிசை வலிமை சுமார் 1,500 மெகாபாஸ்கல். சாதாரணத் தகட்டைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. காஸ் வெல்டிங் சுடரைக் காட்டி இளக்கினால் அந்த வலிமை போய்விடும், ஆனால் பெயின்டுக்கு அடியில் எதுவும் தெரியாது. அதனால் பல தயாரிப்பாளர்கள் அதைச் சூடாக்கி நேராக்குவதைத் தடைசெய்து, முழுப் பாகத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். வெல்டிங் முடிந்ததும் சட்டங்களின் உட்குழிவில் மெழுகு தெளிக்காவிட்டால் துரு உள்ளிருந்து அரிக்கும்.

இணைப்பு முறையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வழக்கு ஒன்று சாட்சி. ஆலங்கட்டி மழையில் சேதமான 2010 மாடல் ஹோண்டா ஃபிட் காரின் கூரையைத் தயாரிப்பாளர் சொன்னபடி வெல்டிங் செய்யாமல் பசையால் ஒட்டியிருந்தது ஒரு பட்டறை. விவரம் தெரியாமல் அதைப் பழைய காராக வாங்கிய தம்பதி 2013இல் மோதலில் சிக்கிப் படுகாயமடைந்தனர். 2017இல் டல்லாஸ் நீதிமன்ற நடுவர் குழு, பட்டறை 3 கோடியே 15 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது.

இந்தியாவில் பழுதுச் செலவு காருக்குக் காப்பீட்டில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாகக் கருதப்படும். முதல் மதிப்பீடு பெரும்பாலும் காரைப் பிரிக்கும் முன்பே எழுதப்படுவதால், பிரித்த பின் தெரியவரும் சேதத்தைச் சர்வேயரை மறுபடி அழைத்துக் காட்டிக் கூடுதல் மதிப்பீடு பெறுவது அவசியம். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல், காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார்களில் கூட்டுச் சேதமுள்ளவை ‘எஸ்’ என்று தனி வகையாகப் பதிவாகின்றன. இந்தியப் பதிவுச் சான்றிதழில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. ஆகவே செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர் பானெட்டைத் திறந்து, ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட கீறல் உண்டா, ஏப்ரனின் இரு பக்கமும் ஸ்பாட் வெல்டு புள்ளிகள் ஒரே சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, சீலன்ட் கையால் இழுத்ததுபோல் தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.