மருத்துவச்சியும் வாக்குச்சீட்டும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலிருந்து எழுதுவது பழைய வழக்கம். வயல்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் அதை எழுத வேண்டும் என்பது நம் காலத்தின் கோரிக்கை. ஆயினும் வயலுக்கும் ஆலைக்கும் முற்பட்ட களம் ஒன்று உண்டு. அது பிள்ளை பிறக்கும் இடம். தாய் எங்கே படுத்தாள், அவள் அருகில் யார் இருந்தார், கொப்பூழ்க்கொடி எதனால் அறுக்கப்பட்டது, மறுநாள் அவளுக்குக் கஞ்சி காய்ச்சியவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், ஒரு சமுதாயம் உழைப்பவரை எவ்வளவு மதித்தது என்பது தெளிவாகும். இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள ரிவர்ஸ்டன் மலைப்புறத்தை முன்வைத்து இக்கேள்வியை நாம் இங்கே ஆராய முற்படுகிறோம்.

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் மலைப்பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் ரிவர்ஸ்டன் கணவாயை அடைகிறது. அப்பால் இறங்கினால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியும், இலுக்கும்புர முதலிய சிங்களக் கிராமங்களும், அவற்றுக்கு அப்பால் லக்கலப் பகுதியும் உள்ளன. இன்று பனிமூட்டத்தையும் காற்றையும் காணப் பயணிகள் இங்கே திரள்கின்றனர். ஆனால் இப்பாதையின் மேற்குச் சரிவு வேறொரு கதையைச் சொல்லும். அங்கே முதலில் கோப்பி விளைந்தது. 1869-இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்த பின் தேயிலை வந்தது. இரண்டையும் நட்டு வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த மக்கள். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் எத்தனையோ பேர். எஞ்சியவர்கள் மலையேறி லயங்களில் குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகள் அந்த லயங்களிலேயே பிறந்தன.

லயத்துக் காம்பிரா என்பது சுமார் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒற்றை அறை. சமையலும் உறக்கமும் நோயும் சாவும் அதற்குள்ளேதான். பேறுகாலமும் அதற்குள்ளேயே. நிறைமாதம் வரையில் கூடை சுமந்து செங்குத்தான சரிவில் கொழுந்தெடுத்தவள், வலி கண்டதும் காம்பிராவுக்குத் திரும்புவாள். ஆயத்தங்கள் எளியவை. பழைய சேலைகளைத் துவைத்து உலர்த்தி வைப்பார்கள். சுக்கு, மிளகு, உள்ளி, மஞ்சள், பெருங்காயம் ஆகியவற்றைக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கி வைப்பார்கள். ஒரு மூலையைச் சேலையால் மறைப்பார்கள். அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். ஆண்கள் வெளியே இஸ்தோப்பில் அமர்ந்திருப்பார்கள். பிள்ளைகளை அடுத்த காம்பிராவுக்கு அனுப்பி விடுவார்கள். லயத்திலே பலமுறை பிள்ளைப்பேறு பார்த்த ஒரு மூதாட்டியை அழைத்து வர ஒருவர் ஓடுவார். மலையகத் தோட்டங்கள் எங்கும் இருந்த வழக்கமே இம்மலையிலும் இருந்தது.

அந்த மூதாட்டி யார்? தமிழகத்தில் மருத்துவம் என்ற சொல்லே ஒரு சாதிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. முடி திருத்தும் குலத்தவரை மருத்துவர் என்றும், அக்குலத்துப் பெண்ணை மருத்துவச்சி என்றும் அழைத்தனர். ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் முதலில் ஏந்திய கை அவளுடையது. அதே கையைத் தீட்டுடையது என்று ஊர் விலக்கியும் வைத்தது. வெற்றிலை, அரிசி, ஒரு சேலை ஆகியவையே அவள் கூலி. கணவாய்க்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமங்களில் இதே பணியைச் செய்தவளை வின்னம்புவ என்பர். மொழி வேறாயினும் தொழில் ஒன்றே. நெருக்கமும் துணிவும் அனுபவமும் இருவரிடமும் இருந்தன. கிருமியைப் பற்றிய அறிவும், இரத்தப் பெருக்கை நிறுத்தும் மருந்தும் இருவரிடமும் இல்லை. கொதிக்க வைக்காத கத்தியால் கொடியை அறுத்த போது ஏற்பு நோய் சிசுவைக் கொன்றது. நஞ்சுக்கொடி விழாதபோது இரத்தப் பெருக்கு தாயைக் கொன்றது.

இதைக் கொண்டு நாட்டு மருத்துவச்சியை இகழ்வது எளிது. பட்டம் பெற்ற மருத்துவர் பலர் அவ்வாறே இகழ்ந்தனர். ஆனால் வரலாறு அவர்களுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1840-களில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயின்றனர். பிரசவக் காய்ச்சலால் மாண்ட தாய்மார் மாணவர் பிரிவிலேயே பல மடங்கு அதிகம். பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு மாணவர்கள் தாய்மாரைத் தொட்டதே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847-இல் கண்டறிந்து, அனைவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். மரணம் வீழ்ச்சியடைந்தது. அவருடைய சொல்லையோ மேலோர் ஏற்க மறுத்தனர். ஆகவே வீடா மருத்துவமனையா என்பது இங்கே முதற்கேள்வி ஆகாது. தூய கையும், பயின்ற அறிவும், ஆபத்து நேர்ந்தால் உடனே கிடைக்கும் உதவியும் தாய்க்கு உண்டா என்பதே முதற்கேள்வி.

இலங்கை இக்கேள்விக்கு உலகம் வியக்கும் விடையொன்றைத் தந்தது. 1879-இல் கொழும்பில் டி சொய்சா பிள்ளைப்பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. மருத்துவமனையில் காத்திராமல் வீடு தேடிச் செல்லும் அரசாங்க மருத்துவச்சி அதன் உயிர்நாடியாக அமைந்தாள். அவள் கருவுற்றவளின் பெயரைப் பதிவு செய்தாள். மாதந்தோறும் வந்து பார்த்தாள். வீட்டிலேயே பிள்ளைப்பேறு பார்த்தாள். சிக்கல் என்று கண்டால் மருத்துவமனைக்கு அனுப்பினாள். சம்பளம் அரசாங்கத்தினுடையது. ஆகவே ஏழை வீட்டுக்கும் அவள் வந்தாள்.

1934-35-ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றது அப்போதுதான். 1935-இல் பிறந்த 1,000 சிசுக்களில் 263 ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 1950-இல் அந்த எண்ணிக்கை 82-ஆகக் குறைந்தது. ஒரு லட்சம் பிறப்புக்கு 1,500-க்கு மேலாக 1940-களின் முற்பாதியில் இருந்த தாய் மரணம், 1950-55-இல் சுமார் 555 ஆகவும், 1960-65-இல் 239 ஆகவும் வீழ்ந்தது. மலேரியா ஒழிப்பும் புதிய மருந்துகளும் இலவச மருத்துவமனைகளும் இதில் பெரும் பங்கு கொண்டன. ஆயினும் அவற்றைத் தாயின் வாசல் வரை கொண்டு சேர்த்தவள் மருத்துவச்சியே.

செல்வம் குறைந்த ஒரு நாடு இதை எவ்வாறு செய்தது? 1931-இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கிராமத்துத் தாயின் வாக்கு வேண்டியிருந்தபடியால், அவள் கேட்ட மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் பிரதிநிதிகள் மறுக்க இயலவில்லை. மருத்துவச்சி நடந்து வந்த பாதையை வாக்குச்சீட்டே வெட்டியது என்று நாம் சொல்வது மிகையாகாது.

அந்தப் பாதை தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. தோட்டம் துரையின் ஆட்சிப்புலம். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. சில தோட்டங்களில் மருந்துச்சாலையும் பிள்ளைப்பேற்று அறையும் மருத்துவச்சியும் இருந்தனர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவை இலாபக் கணக்கின் கருணையில் நின்றன. குடிமக்களின் உரிமையாக நிற்கவில்லை. 1930-களில் நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய காலத்தின் பின்னரே, 1939-இல், மகப்பேற்று நன்மைச் சட்டம் வந்தது. பேறுக்கு முன் 2 வாரம், பின் 4 வாரம் ஊதியத்துடன் ஓய்வு என அது விதித்தது. தோட்டப் பெண்களுக்கு மட்டும், முழுப் பணத்துக்குப் பதிலாக ஒரு பகுதியை மருத்துவ வசதியாகவும் உணவாகவும் கொடுக்க இடம் விட்டது. அதே 1939-இல் இந்திய அரசாங்கம் புதிய தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. கடல் கடந்து புதிய கைகள் வருவது நின்ற காலத்தில்தான், தோட்டத்திலே பிறக்கும் கைகளைப் பற்றிய அக்கறை சட்டமாயிற்று. இதில் தற்செயல் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்பதை வாசகரே எடை போடட்டும்.

பின்னர் வந்த அடி இன்னும் கொடியது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழரின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. இலங்கையில் பிறந்த ஒருவன், தன் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபித்தால்தான் அவன் பிறப்புரிமையால் குடிமகன் என்றது சட்டம். லயத்துக் காம்பிராவில் பிறந்தவனுக்குச் சாட்சி யார்? பெற்ற தாயும், ஏந்திய மருத்துவச்சியும். மருத்துவச்சி எழுதத் தெரியாதவள். தாயோ எண்ணிக்கையிலேயே இல்லை. சட்டம் தந்தை வழியையே கேட்டது; சுமந்து பெற்றவள் எந்த மண்ணில் பிறந்தாள் என்று கேட்கவில்லை. பிறப்புச் சான்று இல்லாத பல்லாயிரவர் தாம் பிறந்த மண்ணிலேயே நாடற்றோர் ஆயினர்.

வாக்குப் போன இடத்தில் வேறெது வரும்? கணவாய்க்கு அப்பாலுள்ள கிராமமும் வறுமையில்தான் இருந்தது; மழையும் அட்டையும் பள்ளத்தாக்கும் அங்கேயும் வழி மறித்தன. ஆயினும் அக்கிராமத்துத் தாய் கேட்கலாம், கேட்டு மறுத்தவரை அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம். லயத்துத் தாய் கேட்பதற்குத் துரை ஒருவரே இருந்தார். 1973-74-ஆம் ஆண்டு உணவுப் பஞ்சத்தின்போது தோட்டங்களில் சிசு மரணம் தேசியச் சராசரியைவிட மிக அதிகமாக உயர்ந்தது. நாடு முழுவதற்கும் பெருமை தந்த அதே புள்ளிவிவரத்தின் அடியில் இந்த அவமானமும் கிடந்தது.

1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே தேசியச் சுகாதாரச் சேவை மெல்ல மெல்ல லயங்களை எட்டத் தொடங்கியது. 1988-இலும் 2003-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு கண்டன. 2003-இல் தாய் வழியும் குடியுரிமைக்கு வழியாயிற்று. இன்று இலங்கையில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிள்ளைப்பேறுகள் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதார மருத்துவச்சி இப்போது கர்ப்பிணியைக் கண்காணிக்கிறாள்; பேறு முடிந்து திரும்பிய தாயையும் சேயையும் வந்து பார்க்கிறாள். சுமார் 3,000 பேருக்கு ஒருத்தி என்பது கணக்கு.

இக்காலத்தில் செல்வ நாடுகளின் படித்த பெண்கள் சிலர், வீட்டிலேயே மருத்துவச்சியின் துணையுடன் பிள்ளை பெற விரும்புவதை நாம் அறிவோம். நெதர்லாந்தில் 1960-களில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தன. அங்கே மருத்துவச்சி முறையாகப் பயின்றவள், மருத்துவமனையும் அருகில், பாதையும் வாகனமும் உண்டு. அத்தகைய தாய்க்கு வீடு ஒரு தேர்வு. லயத்துத் தாய்க்கு அது விதிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழமையைப் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். அதே சமயம், அந்த மூதாட்டியிடம் இருந்த ஒன்றை இன்றைய மருத்துவமனை இழந்துவிடலாகாது. அவள் தாயின் மொழியில் பேசினாள். அவளிடம் தாய் அஞ்சாமல் அழுதாள்.

இங்கேதான் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு கடமை வந்து சேர்கிறது. மலையகத்தில் தமிழ் பேசும் மருத்துவச்சிகள் போதாமை நெடுங்காலக் குறை. சிங்களம் மட்டும் அறிந்த மருத்துவச்சி எவ்வளவு அன்புடையவளாயினும், வலியின் தன்மையைக் கேட்டறிய அவளுக்குச் சைகை போதாது. ஒரு மருத்துவச்சி உருவாக ஒன்றரை ஆண்டுப் பயிற்சி போதும். ஆனால் அந்தப் பயிற்சிக்குத் தகுதி பெற, ஒரு சிறுமி பள்ளியை இடையில் விடாமல் படித்து முடிக்க வேண்டும். தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் துரைமாரின் கையில் பெயரளவில் இருந்தமையால், அந்த வாய்ப்பு பல தலைமுறைகளுக்கு அடைபட்டிருந்தது. இன்று பள்ளி அரசாங்கத்தினுடையது. வாக்கும் மீண்டும் கையில் இருக்கிறது. கொழுந்தெடுப்பவளின் மகள் இறுதி வகுப்பு வரை வந்து, வெள்ளை உடை அணிந்து, தன் தாய் பிறந்த லயத்துக்குத் தன் தாய்மொழியோடு திரும்பி வர வேண்டும். அதற்கான வேலை வகுப்பறையிலே தொடங்குகிறது. அதைக் கேட்டுப் பெறும் வேலை வாக்குச்சாவடியிலே தொடர்கிறது.