இங்கிலாந்து வீடுகளில் மறைத்து வைக்கப்பட்ட காப்புப் பொருள்கள்

இங்கிலாந்தில் பழைய வீடுகளைப் பிரித்து வேலை பார்க்கும்போது, புகைபோக்கியின் உள் விளிம்பிலோ தரைப்பலகைக்கு அடியிலோ கூரை இடுக்கிலோ தேய்ந்த ஒற்றைக் காலணி, இறுக மூடிய ஜாடி, காய்ந்து சுருங்கிய பூனையின் உடல் போன்றவை அகப்படுவது உண்டு. சூனியமும் தீய ஆவிகளும் வீட்டாரை அண்டாமல் இருக்க ஒளித்து வைத்தவை இவை என்பது பரவலான கருத்து. பெரும்பாலானவை 16ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. குடியேறிய மக்களோடு இவ்வழக்கம் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிற்று.

இவற்றுள் நோக்கம் ஐயமின்றித் தெரிவது சூனியக் குப்பி எனப்படும் அந்த மூடிய ஜாடிக்குத்தான். ஜெர்மனியின் ரைன் பகுதியில் செய்யப்பட்டு, கழுத்தில் தாடிக்காரர் முகம் பதித்து வந்த பெல்லார்மைன் ஜாடிகளே 17ஆம் நூற்றாண்டில் இதற்கு அதிகம் பயன்பட்டன. சூனியத்தால் நோயுற்றதாகக் கருதப்பட்டவரின் சிறுநீரை அதில் ஊற்றி, ஆணியும் குண்டூசியும் போட்டு, வாயை அடைத்து, நெருப்பில் வைப்பார்கள் அல்லது புதைப்பார்கள். சூனியம் வைத்தவருக்கும் அதற்கு ஆளானவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடர்பு இருக்கிறது; அதன் வழியே வந்த கேட்டை அதே வழியில் திருப்பி அனுப்பலாம் என்பது இதன் அடிப்படை. குப்பிக்குள் ஊசிகள் கிடக்கும்வரை சூனியம் வைத்தவர் நீர் பிரியாமல் துடிப்பார் என்று நம்பினார்கள். சோதிட மருத்துவர் ஜோசப் பிளாக்ரேவ் 1671இல் வெளியிட்ட நூலில் இம்முறையை மருத்துவமாகவே விவரிக்கிறார். 1681இல் வெளிவந்த மதகுரு ஜோசப் கிளான்வில்லின் நூலில் சஃபோக் பகுதிக் கதை ஒன்று உண்டு. அடுப்பில் வைத்த குப்பியின் அடைப்பான் முதல்முறை வெடித்துத் தெறித்துவிடுகிறது. மறுமுறை குப்பியைப் புதைத்ததும் நோயாளிப் பெண் தேறுகிறாள். பின்னர் வேற்றூர்ப் பெண் ஒருத்தி வந்து, தன் கணவனைக் கொன்றுவிட்டார்கள் என்று முறையிடுகிறாள். அவன் ஒரு மந்திரவாதி என்பது விசாரித்தபோது தெரியவருகிறது.

2004இல் லண்டனின் கிரீனிச் பகுதியில், அடைப்பு கலையாத ஜாடி ஒன்று மண்ணுக்கடியில் கிடைத்தது. ஆலன் மாசி என்னும் வேதியியலாளர் அதை ஆராய்ந்தார். உள்ளே சிறுநீர், இரும்பு ஆணிகள், பித்தளைக் குண்டூசிகள், தலைமுடி, கந்தகம், நறுக்கிய நகங்கள், ஆணியால் துளைத்த இதய வடிவத் தோல்துண்டு ஆகியவை இருந்தன. சிறுநீரில் புகையிலையின் தடயம் தெரிந்தது. நகங்கள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டவை. கடுமையான உடலுழைப்பு செய்தவருடையவை அல்ல. பெயர் தெரியாத ஒருவரின் பழக்கமும் நிலையும் வலியும் ஒரு ஜாடிக்குள் இவ்வளவு நெருக்கமாகத் தங்கியிருப்பது நெஞ்சைத் தொடுகிறது.

காலணிகளின் கதை வேறு. எண்ணிக்கையில் மிகுந்தவை இவையே. ஆனால் வைத்தவர்கள் ஏன் வைத்தார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. காலணித் தொழிலுக்குப் பெயர்போன நார்தாம்ப்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜூன் ஸ்வான், 1950களில் இக்கண்டெடுப்புகளுக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். 2012 அளவில் அதில் ஏறத்தாழ 1,900 பதிவுகள் சேர்ந்திருந்தன. பெரும்பாலானவை ஒற்றைக் காலணிகள், நன்றாக உழைத்துத் தேய்ந்தவை, குழந்தைகளுடையவை மிகுதி. உடுப்புகளுள் காலணி மட்டுமே அணிந்தவரின் வடிவத்தைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்கிறது. அதனால் அது ஆளுக்குப் பதிலாளாக நின்று, புகைபோக்கி வழியே இறங்கும் தீங்கைத் தன்பக்கம் ஈர்க்கும் என்று கருதியிருக்கலாம். தொல்லியலாளர் ரால்ஃப் மெரிஃபீல்ட் வேறொரு தடத்தைக் காட்டினார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நார்த் மார்ஸ்டன் ஊர்ப் பாதிரியார் ஜான் ஷோர்ன், சாத்தானை ஒரு பூட்ஸுக்குள் அடக்கினார் என்றொரு மரபு உண்டு. பூட்ஸுக்குள்ளிருந்து சாத்தான் எட்டிப் பார்க்கும் உருவத்தை யாத்திரிகர்களின் சின்னங்களில் காணலாம். இரண்டு விளக்கங்களும் பொருந்துகின்றன, இரண்டுமே ஊகங்கள்தாம்.

பூனைகள் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. இடுக்கில் தானே சிக்கி இறந்தவையும் இருக்கும். எலியோடு சேர்த்து, பாயும் தோற்றத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவற்றையே திட்டமிட்டவை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பொருள் ஒன்றே ஆனாலும் விளக்கம் எவ்வளவு விலகக்கூடும் என்பதற்குக் குதிரை மண்டையோடுகள் நல்ல சான்று. அயர்லாந்தில் இவற்றைத் தரைக்கடியில் புதைத்தார்கள். நடனமாடும்போது ஒலி கணீரென்று எழவே புதைத்தோம் என்பது மக்கள் சொன்ன காரணம். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஷான் ஓ சூலவான் 1945இல், இது பிற்காலத்தில் வந்த விளக்கம், இவ்வழக்கத்தின் அடிப்படை கட்டடம் எழுப்பும்போது தரும் பலி என்று வாதிட்டார். சுவீடனில் கதிரடிக்கும் களத்துத் தரைகளுக்கடியில் இவ்வாறே புதைத்தவற்றை ஆராய்ந்த ஆல்பர்ட் சாண்ட்கிளெஃப் 1949இல், ஒலிதான் உண்மைக் காரணம் என்று நேர் எதிராக எழுதினார். மக்கள் தாமே சொன்ன காரணத்தைத் தள்ளிவிட்டு மந்திரத்தைத் தேடுவதற்கு வலுவான சான்று வேண்டும் என்பதால், சாண்ட்கிளெஃப் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது.

எழுத்து இல்லாத இடத்தில், பொருள் இருந்த இடமே சாட்சி. காலணி புகைபோக்கியின் எந்தப் பக்கம் இருந்தது, கூட எது கிடந்தது, அச்சுவர் எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பவற்றைக் குறிக்காமல் எடுத்துவிட்டால் அது வெறும் பழஞ்செருப்பு ஆகிவிடும். ஆகவே கண்டவுடன் இருந்தபடியே படம் எடுத்து, அளவு குறித்து, அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். பதிவு முடிந்தபின் காலணியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துச் சுவரை மூடிவிடும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.