மலிவு மரத்தின் நாதம்

வாத்தியங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனை வாசலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எந்த ராஜா ஆதரித்தார், எந்தப் பிரபு தந்தம் இழைத்துக் கொடுத்தார், எந்த மகாராணி மடியில் வைத்து மீட்டினாள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஸ்பெயின் தேசத்தின் தெற்குக் கோடியில் பிறந்த பிளமெங்கோ கிட்டாருக்கு அந்த மாதிரிப் பெருமை ஒன்றும் கிடையாது. அதன் சரித்திரம் ஒரு தச்சுப் பட்டறையில், "கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்ற கேள்வியோடு ஆரம்பமாகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிட்டார் வாசிக்கிறவன் அல்ல, கேட்கிறவன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு பொருளைப் பார்த்தால் அதன் விலை என்ன, அதைச் செய்தவன் யார், அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று விசாரிக்கத் தோன்றும். அப்படி விசாரித்துக்கொண்டு போனதில் அகப்பட்ட சமாசாரங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிட்டார்க் கடைக்குப் போனால் இரண்டு நிறத்தில் வாத்தியங்கள் தொங்கும். ஒன்று கறுப்புச் சிவப்பாக, பளபளவென்று இருக்கும். அதன் பின்பலகையும் விலாப்பலகையும் ஈட்டி மரத்தைச் சேர்ந்த இனம். மேடைக் கச்சேரி செய்கிற சாஸ்திரீய வித்வான்கள் வைத்திருப்பது அது. மற்றொன்று வெளிர் மஞ்சளாக, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருக்கும். தூக்கிப் பார்த்தால் காற்றுப்போல் லேசாக இருக்கும். அது சைப்ரஸ் மரத்தில் செய்தது. அதுதான் பிளமெங்கோ கிட்டார். முன்பலகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; குளிர்தேசத்து ஸ்புரூஸ் மரம்.

இந்த நிற வித்தியாசத்துக்குக் காரணம் சங்கீத சாஸ்திரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் காரணம் கப்பல் கூலி! கறுப்பு மரம் பிரேஸில் முதலிய தேசங்களிலிருந்து கடல் கடந்து வரவேண்டும். சைப்ரஸோ, மத்தியதரைக் கடலோரத்தில் கல்லறைத் தோட்டங்களில்கூட வரிசையாக நின்றுகொண்டிருந்த மரம். பணம் உள்ளவன் கறுப்பு மரத்தில் கேட்டான். இல்லாதவன் உள்ளூர் மரத்தில் கேட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சாஸ்திரீயக் கிட்டார் என்றும் பிளமெங்கோ கிட்டார் என்றும் இரண்டு தனி இனங்கள் இருக்கவில்லை. விலை உயர்ந்த கிட்டார், விலை குறைந்த கிட்டார் என்ற இரண்டுதான் இருந்தன.

இன்று நாம் காணும் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர் அன்டோனியோ டி டோரஸ் என்ற தச்சர். 1817-ல் அல்மேரியாவுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தச்சுவேலை கற்கப் போனார். பதினெட்டு வயதில் கல்யாணம். பிறந்த மூன்று பெண்களில் இரண்டு போய்விட்டன. 1845-ல், இருபத்து மூன்றே வயதான மனைவியும் க்ஷயரோகத்தில் போய்விட்டாள். கடனும் துக்கமுமாக அந்த மனிதர் செவில் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். ஜூலியன் ஆர்க்காஸ் என்ற பெயர் பெற்ற வித்வானின் தூண்டுதலால் கிட்டார் செய்வதில் முழு மூச்சாக இறங்கினார். 1858-ல் செவில் பொருட்காட்சியில் அவருடைய வாத்தியத்துக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

டோரஸ் செய்த காரியம் என்ன? கிட்டாரின் உடலைப் பெரிதாக்கினார். முன்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் உட்புறத்தில் ஏழு சிறு சட்டங்களை விசிறி மடிப்பைப்போல் பரப்பி ஒட்டினார். விசிறிச் சட்டம் அவருக்கு முன்பே உண்டு. அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். நாதம் பிறப்பது முன்பலகையில்தான், மற்றப் பலகைகள் அதற்குத் துணை என்பது அவருடைய சித்தாந்தம். அதை நிரூபிக்க 1862-ல் ஒரு வேடிக்கை செய்தார். பின்பலகையையும் விலாப்பலகையையும் காகித அட்டையால் செய்து, முன்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் பண்ணினார்! அந்த அட்டைக் கிட்டார் பார்ஸிலோனா நகரத்துச் சங்கீதப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. விலையுயர்ந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அதைக் காட்டிலும் நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அதே டோரஸ் சைப்ரஸ் மரத்திலும் நிறையக் கிட்டார்கள் செய்தார்; அலங்காரம் ஒன்றுமில்லாத, சாதுவான வாத்தியங்கள். வாங்குகிறவனுடைய மடியின் கனத்தைப் பார்த்து மரத்தையும் அலங்காரத்தையும் குறைத்தாரே தவிர, கைவேலையில் குறைக்கவில்லை என்கிறார்கள் அவற்றை ஆராய்ந்தவர்கள். இந்த ஒரு குணத்துக்காகவே அவரைக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1869-ல் டாரெகா என்ற பதினாறு வயதுப் பையன், ஒரு தனவந்தரின் உதவியோடு கிட்டார் வாங்க அவர் கடைக்கு வந்தான். டோரஸ் முதலில் ஒரு சாதாரண வாத்தியத்தை எடுத்துக் கொடுத்தாராம். பையன் வாசிக்க ஆரம்பித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து உள்ளே போய், தமக்கென்று 1864-ல் செய்து வைத்திருந்த வாத்தியத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பையன்தான் பிறகு ஸ்பெயினின் சாஸ்திரீயக் கிட்டாருக்குப் பிதாமகராக விளங்கிய பிரான்சிஸ்கோ டாரெகா. இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்றுதான். சாதாரண வாத்தியத்திலேயே அவன் யார் என்பது தெரிந்துவிட்டது அல்லவா?

இவ்வளவு செய்தவருக்குச் சாப்பாடு கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. சில வருஷங்களுக்குள் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பி, பீங்கான் சாமான் கடை வைத்துப் பிழைத்தார். 1875 வாக்கில் மறுபடியும் உளியை எடுத்து, 1892-ல் கண்ணை மூடும் வரையில் செய்துகொண்டிருந்தார். உங்கள் ரகசியம் என்ன என்று கேட்டதற்கு, அது என் கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டிவிரல் நுனியிலும் இருக்கிறது, பலகையைத் தடவினால் அவை எனக்குச் சொல்லும், அதை யாருக்கும் விட்டுப் போக முடியாது என்ற கருத்தில் பதில் சொன்னாராம். அவருடைய முதுமையில் பழகிய ஒரு பாதிரியார் இதைப் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இனி மலிவுக் கிட்டாரின் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஆண்டலூசியாவின் நகரங்களில் பாட்டுக் காப்பிக் கடைகள் தோன்றின. ஸில்வேரியோ பிராங்கோனெத்தி என்ற பாடகர் செவிலில் நடத்திய கடை மிகவும் பிரசித்தம். சிறு மேடை, அதன்மேல் பாடகர், ஆடுகிற பெண்கள், ஓரத்தில் நாற்காலி போட்டு ஒரு கிட்டார்க்காரர். கீழே மதுக்கோப்பைகளின் சத்தம், கைதட்டல், கூச்சல். மேடையிலோ ஆணி அடித்த பாதரட்சையால் பலகை அதிரும்படி ஆட்டம். இந்த அமளியில் மெதுவாக மலர்ந்து, நெடுநேரம் ரீங்கரிக்கிற நாதம் எடுபடுமா? எடுபடாது. சுரீரென்று கிளம்பி, சட்டென்று அடங்கி, அடுத்த அடிக்கு இடம் விடுகிற நாதம்தான் வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. ஏழ்மையினால் வாங்கிய சைப்ரஸ் கிட்டார் அப்படித்தான் ஒலித்தது! லேசான மரம், மெல்லிய பலகை; ஆகையால் ஒலி உடனே எழும், உடனே உலரும். கலைஞர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அதே திசையில் தள்ளினார்கள். தந்திகளைப் பலகைக்கு அருகே தாழ்த்தினார்கள். விரல் ஓடுவதற்குச் சுலபமாயிற்று, அதோடு ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. வாசிக்கும்போதே நகத்தால் பலகையைத் தட்டித் தாளம் போட்டார்கள். மரம் தேயாமலிருக்க அந்த இடத்தில் ஒரு தகடு ஒட்டினார்கள். வீணைக்கு இருப்பது போன்ற மரப் பிருடைகளையே விடாமல் வைத்துக்கொண்டார்கள். இரும்புச் சாவியைவிட விலையும் குறைவு, கனமும் குறைவு. பின்னால் மாட்ரிட்டில் மானுவல் ராமிரெஸ் முதலிய கைதேர்ந்தவர்கள் டோரஸின் இலக்கணத்தையும் இந்த மேடைத் தேவைகளையும் ஒன்று சேர்த்து, பிளமெங்கோ கிட்டாரைத் தனி இனமாகவே ஆக்கிவிட்டார்கள். பணம் இல்லாததால் வந்த குணம், ஒரு பாணியாக நிலைத்துவிட்டது.

இந்த மானுவல் ராமிரெஸின் கடைக்குத்தான் 1912-ல் ஆந்த்ரே ஸெகோவியா என்ற இளைஞர், கச்சேரிக்குக் கிட்டார் ஒன்று வாடகைக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் வாசித்ததைக் கேட்ட கடைக்காரர் அந்த உயர்ந்த வாத்தியத்தைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார் என்று ஸெகோவியாவே சொல்லியிருக்கிறார். உலக மேடைகளில் ஒலித்த அந்தக் கிட்டார் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. ஸெகோவியா சாஸ்திரீயக் கிட்டாரைக் காப்பிக் கடையிலிருந்து பிரித்துக் கௌரவமான சபைகளில் உட்காரவைக்கப் பாடுபட்டவர். ஆனால் அவருடைய முயற்சி ஒன்று காப்பிக் கடைக்காரனுக்கும் உதவியது. மிருகங்களின் குடல் நரம்பில் செய்த தந்திகள் அடிக்கடி பிய்ந்துபோகும். இரண்டாவது மகாயுத்தத்தின்போது கிடைக்கவும் இல்லை. ஆல்பர்ட் அகஸ்டின் என்ற அமெரிக்கர் ஸெகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் தந்திகளைக் கொண்டுவந்தார். தினம் பல மணி நேரம் அடித்துப் பழகும் ஏழைக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு என்ன?

அப்படிப் பழகியவர்களில் ஒருவர்தான் பாகோ டி லூசியா. 1947-ல் அல்ஜெஸிராஸ் துறைமுகத்தில் பிறந்தார். தகப்பனார் பகலில் சந்தையில் துணி விற்பார். இரவில் கிட்டாரோடு கூலிக்கு வாசிக்கப் போவார். பையனைப் படிக்கவைக்க வசதி இல்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, நாள் முழுவதும் கிட்டாரில் உட்காரவைத்தார். 1975-ல் அந்தப் பையன் மாட்ரிட்டின் ராஜாங்க நாடக அரங்கில் கச்சேரி செய்தான். காப்பிக் கடை வாத்தியம் அரண்மனை வாசலுக்கு வந்து சேர்ந்தது. 2010-ல் யுனெஸ்கோ பிளமெங்கோவை மனிதகுலத்தின் பொதுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது. பாகோ 2014-ல் காலமானார்.

இப்போது, பழகுவதற்கு ஒரு மலிவான பிளமெங்கோ கிட்டார் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு இந்தச் சரித்திரம் ஏதாவது சொல்கிறதா? சொல்கிறது என்றே நினைக்கிறேன்.

பணத்தை முன்பலகையில் போடுங்கள். அட்டைக் கிட்டார் கற்பித்த பாடம் அது. முன்பலகை ஒரே மரமாக இருக்கட்டும். பின்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் குடி முழுகிவிடாது. அடுத்தபடி தண்டியைக் கண்ணருகே பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டினால் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி சுத்தமாகப் பேசவேண்டும். பேசாத வாத்தியம் காதையே கெடுத்துவிடும். தந்திகள் தாழ்வாக இருக்கவேண்டும். சற்று உயரமாக இருந்தால் குதிரையின் மேலுள்ள எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்திக்கொள்ளலாம். தட்டுத் தகடு இல்லையென்றால் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். மரப் பிருடைக்கு ஆசைப்பட வேண்டாம். சுருதி சேர்ப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஓரத்து அலங்காரத்துக்கு ஒரு காசும் கூடக் கொடுக்கவேண்டாம். ஸ்பெயினில் 1965-ல் தொடங்கிய ஆல்ஹாம்ப்ரா முதலிய தொழிற்சாலைகளும், ஜப்பானிய யமஹாவும் பழகுகிறவர்களுக்கென்றே இந்த வகையைச் செய்திருக்கின்றன. அதுவும் கட்டாது என்றால், சாதாரண நைலான் தந்திக் கிட்டாரில் ஆரம்பிப்பதில் தோஷம் ஒன்றுமில்லை. விரல் பழகுவதற்கு மரத்தின் நிறம் அவசியமில்லை.

கடைசியாக ஒரு விநோதம். பிரேஸில் காடுகளிலிருந்த கறுப்பு மரத்தை வெட்டி வெட்டித் தீர்த்ததன் பலனாக, 1992-ல் அதன் சர்வதேச வியாபாரத்தை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே கிட்டார்த் தச்சர்கள் வேறு மரம் தேடி வந்த இடம், நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலை. நீலகிரிச் சாரலில் வளர்கிற நம் ஈட்டி மரம் செவிலிலும் மாட்ரிட்டிலும் கிட்டாராகப் பாடுகிறது. பிளமெங்கோ வித்வான்களிலும் பலர் 'கறுப்பி' என்று பெயரிட்டு அந்த மரத்துக் கிட்டாரை விரும்பி வாசிக்கத் தொடங்கினார்கள். அதே சமயம், ஏழை மரமாக இருந்த சைப்ரஸில் பெயர் பெற்ற கைவினைஞர் செய்த கிட்டாருக்கு ஈட்டி மரத்துக்குச் சமமான விலை சொல்கிறார்கள். கல்லறைத் தோட்டத்து மரம் கனவான்களின் மரம் ஆகிவிட்டது.

ஆகவே மரத்துக்கு விலை ஏறும், இறங்கும். இல்லாத குறையையே குணமாக மாற்றிக்கொண்ட அந்தப் பெயர் தெரியாத காப்பிக் கடைக் கிட்டார்க்காரர்கள் நமக்கு விட்டுப் போன சொத்து விலைக்கு அகப்படாது. தினம் நாலு மணி நேரம் உட்காருகிறவனுக்கு அது தானே வந்து சேரும்.